இரண்டு தீக்குச்சிகளில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி இது: "விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆர்ட் நூவோ, கன்ஸ்ட்ரக்டிவிசம், பௌஹவுஸ், சுவிஸ் ஸ்டைல், சைக்கெடலிக், போஸ்ட்மாடர்ன் என்று நீளமாகப் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். இவற்றில் உண்மையிலேயே முக்கியமானவை எவை? தமிழில் வேலை செய்யப்போகிற எனக்கு இவற்றால் என்ன பயன்?"

பட்டியலைத் தேர்வுக்காகப் படித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு அது அவ்வளவாக உதவாது. சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பேஸ்ட்-அப், அதாவது அச்சுக்குப் போகும் பக்கத்தை வெட்டி ஒட்டித் தயாரிக்கும் பையனாகச் சேர்ந்து, பிறகு லேஅவுட், புத்தக அட்டை என்று முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்துவிட்டேன். எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். ஒவ்வொரு பாணியும் யாருக்கோ இருந்த ஒரு நெருக்கடிக்குக் கிடைத்த வழி. நேரம் இல்லை, மை இரண்டுதான் இருக்கிறது, பார்ப்பவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, ஒரே தாளில் மூன்று மொழி வைத்தாக வேண்டும், இப்படி ஏதோ ஒன்று. அந்த நெருக்கடி என்னவென்று தெரிந்தால் பாணி தானாக மனதில் நிற்கும். தெரியாவிட்டால் வட்டமும் சாய்ந்த சிவப்புப் பட்டையும்தான் கையில் மிஞ்சும்.

ஒரு போஸ்டரில் இருந்து தொடங்குகிறேன். பெர்லின், 1906 வாக்கில். ப்ரீஸ்டர் என்ற தீப்பெட்டி நிறுவனத்துக்காக ஒரு சுவரொட்டிப் போட்டி நடக்கிறது. இருபதைத் தாண்டிய இளைஞர் லூசியன் பெர்ன்ஹார்ட் கலந்துகொள்கிறார். அவர் முதலில் போட்ட படத்தில் மேசை இருந்தது, கட்டம் போட்ட மேசை விரிப்பு இருந்தது, சாம்பல் கிண்ணத்தில் எரியும் சுருட்டு, பக்கத்தில் தீப்பெட்டி, சுருட்டுப் புகையில் இருந்து எழுந்து ஆடும் பெண்கள். அந்தக் காலத்து போஸ்டர் என்றால் அப்படித்தான் இருக்கும். பார்த்த நண்பர், சுருட்டு விளம்பரம் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். பெர்ன்ஹார்டுக்கு அது உறைத்தது. முதலில் பெண்களை அழித்தார். பிறகு சுருட்டு போனது, கிண்ணம் போனது, விரிப்பு போனது, மேசையும் போனது. மிஞ்சியது பழுப்புப் பின்னணியில் சிவப்பு உடலும் மஞ்சள் தலையுமாக இரண்டு தீக்குச்சி, மேலே பருமனான எழுத்தில் நிறுவனத்தின் பெயர். வேறு ஒரு சொல்கூட இல்லை.

நடுவர்கள் அதைக் கழித்துக் கட்டிவிட்டார்கள். தாமதமாக வந்த இன்னொரு நடுவர் எர்ன்ஸ்ட் க்ரோவால்ட், ஒதுக்கிப் போட்டதில் இருந்து அதை எடுத்து, பரிசு இதற்குத்தான் என்று நின்றார். அவர் ஹோலர்பாம் உண்ட் ஷ்மிட் என்ற அச்சகத்தின் மேலாளர். தெருவில் குதிரை வண்டியும் டிராமும் ஓடும்போது போகிறவர் ஒரு சுவரை எத்தனை நொடி பார்ப்பார் என்பது அச்சகக்காரருக்குத் தெரிந்திருந்தது. கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம், பெர்ன்ஹார்டே பின்னாளில் சொன்னது அது. போஸ்டர் மட்டும் கண் முன்னால் இருக்கிறது. ஒரு பொருள், ஒரு பெயர், தட்டையான நிறம். இதற்குத்தான் ப்ளாகாட்ஸ்டீல், அதாவது சுவரொட்டிப் பாணி, என்று பெயர் வந்தது. உங்கள் பட்டியலில் அது இல்லை. முதலில் படிக்க வேண்டியது அதுதான் என்பேன்.

அவர் அழித்தது எதை என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1790களில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு, அதாவது லித்தோ, 1860களுக்குப் பிறகு பாரிஸில் ழூல் ஷெரே கையில் பெரிய வண்ணச் சுவரொட்டியாக வளர்ந்தது. ஈய எழுத்தைக் கோத்து அடித்தால் எழுத்து ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று சட்டத்துக்குள் அடைந்து கிடக்கும். கல்லில் அந்தத் தடை இல்லை. எழுத்தையும் அதே தூரிகையால் வளைத்து வரையலாம். 1881இல் பிரான்ஸில் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் வந்து, சுவரில் ஒட்டுவதற்கான கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. 1891இல் துலூஸ்-லோத்ரெக் மூலான் ரூஜுக்குப் போட்ட போஸ்டர் வந்தபோது பாரிஸ் சுவர்களே ஓவியக் கண்காட்சிபோல இருந்தன. ஆர்ட் நூவோவின் கொடி வளைவுகள் எல்லாம் இந்தக் கல்லின் சுதந்திரத்தில் பிறந்தவை. இருபது வருடத்தில் சுவர் முழுக்கக் கொடியும் கூந்தலுமாக நிறைந்து, எது எதற்கான விளம்பரம் என்றே தெரியாமல் போயிற்று. அந்த நெரிசலில்தான் பெர்ன்ஹார்டின் இரண்டு குச்சி பளிச்சென்று தெரிந்தது.

சிவகாசிக்காரன் என்பதால் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் ஊரிலும் அச்சுத் தொழில் வளர்ந்ததற்குத் தீப்பெட்டிதான் காரணம். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு லித்தோ வேண்டும், அப்படி அச்சகங்கள் பெருகின. அதே கல், அதே தீக்குச்சி. ஆனால் எங்கள் லேபிளில் புலி, மயில், சக்கரம் என்று படம்தான் பெரிதாக இருக்கும், பெயர் அடுத்தபடி. எழுத்துத் தெரியாதவர் கடையில் போய் "புலிமார்க் கொடு" என்று கேட்க வேண்டுமே. கோவில்பட்டியில் இருந்து கொண்டைய ராஜு வரைந்து சிவகாசியில் அச்சான சாமி காலண்டர்களில் ஒரு அங்குலம்கூட வெற்றிடம் விடமாட்டார்கள். வருடம் முழுக்கச் சுவரில் தொங்கி, பூ வைத்துக் கும்பிடப்படப்போகிற படம் அது. பாணியை இயந்திரம் மட்டும் தீர்மானிப்பதில்லை, யார் எவ்வளவு நேரம் பார்க்கப்போகிறார்கள் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

கன்ஸ்ட்ரக்டிவிசம் பிறந்த ரஷ்யாவுக்கு வருவோம். 1917 புரட்சிக்குப் பிறகு உள்நாட்டுப் போர், தாள் தட்டுப்பாடு, எழுத்தறிவில்லாத பெருங்கூட்டம். எல் லிஸிட்ஸ்கி அப்போது போட்ட ஒரு சுவரொட்டியில் சிவப்பு முக்கோணம் ஒன்று வெள்ளை வட்டத்தைக் குத்திக் கிழிக்கும். புரட்சியின் செம்படை, அதை எதிர்த்த வெண்படையைப் பிளக்கிறது என்பதைச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ரோட்சென்கோ 1924இல் லெனின்கிராடு அரசுப் பதிப்பகத்துக்காகச் செய்ததில், லில்யா பிரிக் என்ற பெண் வாயருகே கை வைத்துக் கூவுகிறார், வாயில் இருந்து ஒலிபெருக்கிக் குழாய்போல விரியும் முக்கோணத்துக்குள் "புத்தகங்கள்" என்ற சொல். சத்தத்தையே வடிவமாக்கிய வேலை அது. இன்றைக்கும் தேர்தல் நேரத்தில் ஒலிபெருக்கிப் படம் போட்டு வரும் போஸ்டர்களில் பாதி அதன் பேரப்பிள்ளைகள்.

எனக்கு இந்தக் கூட்டத்தில் மிகவும் பிடித்தவர்கள் ஸ்டென்பெர்க் சகோதரர்கள், விளாதிமிரும் கியோர்கியும். 1923 முதல் 1933 வரை சினிமா போஸ்டர்கள் போட்டார்கள். பார்த்தால் புகைப்படங்களை வெட்டி ஒட்டியதுபோல இருக்கும், அத்தனையும் கையால் வரைந்தது. புகைப்படத்தை அவ்வளவு பெரிய அளவில் நல்ல தரத்தோடு அச்சடிக்க அங்கே அப்போது வசதி இல்லை. படச்சுருளின் ஒரு ஃபிரேமை விரும்பிய அளவுக்குப் பெரிதாக்கி, வேண்டுமானால் கோணலாக்கியும் காட்டும் கருவி ஒன்றைத் தாங்களே செய்துகொண்டு, அதை வைத்து வரைந்தார்கள். கோணலாக விழும் கட்டடம், சுழலும் முகம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. 1930களில் ஸ்டாலினின் அரசு சோஷலிச யதார்த்தம் என்ற ஒரே பாணியைக் கட்டாயமாக்கியது, கன்ஸ்ட்ரக்டிவிசத்தின் கதை அத்தோடு முடிந்தது. சிவப்பு, கறுப்பு, 45 பாகைச் சாய்வு என்று இன்று ஒரே சொடுக்கில் டெம்ப்ளேட் கிடைக்கிறது. அதை எடுத்துக் காபிக் கடைக்குப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனது சங்கடப்படும்.

பௌஹவுஸ் என்ற ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளியைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், 1919இல் வைமாரில் கட்டடக்கலைஞர் க்ரோபியஸ் தொடங்கியது, 1925இல் டெஸாவ், 1932இல் பெர்லின், 1933இல் மூடல். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். நான் காட்ட விரும்புவது ஹெர்பெர்ட் பேயர் என்ற மாணவருக்கு 1923இல் வந்த வேலையை. ஜெர்மனியில் பணவீக்கம் தலைவிரித்தாடிய வருடம் அது. காலையில் வாங்கிய ரொட்டியின் விலை மாலையில் வேறு. துரிங்கியா மாநில வங்கி அவசரமாக நோட்டு அடிக்க வேண்டியிருந்தது: பத்து லட்சம் மார்க், இருபது லட்சம் மார்க். வழக்கமாக ரூபாய் நோட்டு என்றால் நுணுக்கமான கொடி வேலைப்பாடு, தலைவர் படம், மாதக்கணக்கில் செதுக்கும் பிளேட். இங்கே சில நாள்தான் அவகாசம். பேயர் பெரிய எண்கள், தடித்த கோடுகள், தட்டையான நிறம், அவ்வளவுதான் வைத்தார். அவசரத்துக்குச் செய்த அந்த எளிமையே பிறகு ஒரு பள்ளியின் அடையாளமாக ஆயிற்று.

அதே பேயர் 1925இல் டெஸாவில் அச்சு, விளம்பரப் பட்டறைக்குப் பொறுப்பேற்றதும், பெரிய எழுத்தே வேண்டாம், சின்ன எழுத்து மட்டும் போதும் என்று கிளம்பினார். ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். ஒரே ஒலிக்கு எதற்கு இரண்டு வடிவம், கற்க நேரம், கோக்க நேரம், தட்டச்சில் கூடுதல் விசை என்பது வாதம். பௌஹவுஸின் கடிதத் தாளிலேயே அதை அச்சடித்து வைத்தார்கள்.

தமிழருக்கு இந்த வாதம் புதிதில்லை. பெரியார் 1935இல் குடி அரசு இதழில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற எழுத்துகளின் பழைய சுழி வடிவங்களைக் கைவிட்டு, மற்ற எழுத்துகளைப்போலக் காலும் கொம்பும் சேர்த்து அச்சிடத் தொடங்கியதற்குச் சொன்ன காரணமும் இதே வகைதான். கற்பது சுலபம், அச்சுக்கோப்பது சுலபம், அச்சு எழுத்து குறையும். 1978இல் தமிழக அரசு அதை ஏற்று ஆணை போட்டது, 13 எழுத்து வடிவங்கள் மாறின. சின்ன எழுத்து மட்டும் வைத்துப் பேயர் வரைந்த எழுத்துருவைப் புத்தகத்துக்கு யாரும் பயன்படுத்தவில்லை, ஜெர்மானியர்கள் இன்றும் பெயர்ச்சொல்லைப் பெரிய எழுத்தில்தான் தொடங்குகிறார்கள். பெரியாரின் மாற்றம் இந்த வரியிலேயே இருக்கிறது, நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். வடிவமைப்பு வரலாறு கற்பிக்கும் நம் வகுப்புகளில் இந்தச் செய்தி ஒரு பக்கமாவது இடம்பெற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இனி யான் ஷிகோல்ட். முழு வரலாற்றிலும் ஒரே ஒரு ஆளைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இவரைப் படியுங்கள். 1902இல் லைப்ஸிக்கில் பிறந்தவர், அப்பா பெயர்ப்பலகை எழுதுகிறவர். பையனும் எழுத்துக்கலையில் ஊறியவன். 1923இல் வைமாருக்குப் போய் பௌஹவுஸ் கண்காட்சியைப் பார்த்தார், தலைகீழாக மாறினார். 1928இல் பெர்லினில் அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் கல்வி அமைப்பு அவருடைய "டீ நொயே டிபோகிராஃபி", புதிய அச்சமைப்பு, என்ற நூலை வெளியிட்டது. அது கலை ரசிகர்களுக்கு எழுதிய நூல் இல்லை. கையில் மை படிந்த அச்சுக்கோப்பாளருக்கு எழுதியது. நடுவில் வரிசையாகக் கோத்து அழகு காட்டும் பழைய முறை வேண்டாம், எது முக்கியமோ அது பெரிதாக, எங்கே கண் போக வேண்டுமோ அங்கே வை, எழுத்துக்குச் சுழிப்பு வேண்டாம், நகாசு வேண்டாம். தாளின் அளவுகளைப் பற்றியே நிறையப் பக்கம் எழுதியிருப்பார். 1922இல் ஜெர்மனி தரப்படுத்திய அளவுகள் அவை. ஜெராக்ஸ் கடையில் நீங்கள் கேட்டு வாங்கும் ஏ4 அதுதான். பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது. தாள் வீணாகாது.

1933 மார்ச்சில் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். மியூனிக்கில் அவர் பாடம் நடத்திய பள்ளியின் தலைவர் பவுல் ரென்னர், ஃப்யூச்சரா எழுத்துருவைச் செய்தவர், அவரும் அதே காலத்தில் கைதானார். வெளியே வந்த ஷிகோல்ட் மனைவி, சிறு மகனுடன் சுவிட்சர்லாந்துக்குப் போய் பாசலில் தங்கினார். அங்கே மெதுவாக மனம் மாறினார். நீண்ட நாவலை வாசிக்கிறவருக்கு நடு அமைப்பும், கோடுகளின் முனையில் சிறு நீட்டல் வைத்த செரிஃப் எழுத்தும், பழைய ஓர விகிதமும் ஏன் கண்ணுக்கு இதமாக இருக்கின்றன என்று திரும்பவும் ஆராயத் தொடங்கினார். அதைக் கொள்கைத் துரோகம் என்று சுவிஸ் வடிவமைப்பாளர் மாக்ஸ் பில் 1946இல் எழுதினார். ஷிகோல்ட் பதில் எழுதினார்: இளமையில் தான் வகுத்த விதிகளில் இருந்த சகிப்பின்மையும், கட்டளையிடும் தொனியும், தன்னை நாட்டை விட்டுத் துரத்தியவர்களின் போக்குக்கு உறவானவை என்று. தான் எழுதிய நூலைப் பற்றி ஒருவர் இப்படிச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்.

1947இல் லண்டன் போய் பெங்குயின் பதிப்பகத்தில் சேர்ந்தார். 1949 வரை மூன்றே வருடம், ஐந்நூறுக்கும் மேற்பட்ட தலைப்புகள். அவர் முதலில் செய்தது அட்டையை மாற்றுவது அல்ல. நான்கு பக்கத்தில் கோப்பு விதிகள் எழுதி எல்லா அச்சகங்களுக்கும் அனுப்பினார். சொற்களுக்கு இடையே இவ்வளவுதான் வெற்றிடம், பெரிய எழுத்துகளைக் கோத்தால் இடையில் சன்னமாக இடம் விடு, முற்றுப்புள்ளிக்குப் பின் அதிக இடம் விடாதே. மலிவு விலைப் புத்தகத்தை வாங்குகிறவனுக்கும் ஒழுங்கான பக்கம் கிடைக்க வேண்டும் என்பது அவர் நிலை. 1928இன் ஷிகோல்டும் 1947இன் ஷிகோல்டும் எதிரிகள் என்று பாடநூலில் வரும். எனக்கு இருவரும் ஒருவராகவே தெரிகிறார். இரண்டு இடத்திலும் அவர் அக்கறை படிக்கிறவர்மீது. சுவரொட்டியைப் படிக்கிறவரும் நாவலைப் படிக்கிறவரும் வேறு என்று புரிய இருபது வருடம் ஆயிற்று, அவ்வளவுதான்.

போருக்குப் பிந்தைய சுவிஸ் பாணிதான் இன்று உங்கள் கைப்பேசித் திரை வரை வந்திருப்பது. சூரிக்கில் எர்ன்ஸ்ட் கெல்லர் 1918 முதல் பாடம் நடத்தி விதை போட்டார். பாசலில் எமில் ரூடரும் ஆர்மின் ஹோஃப்மனும் வளர்த்தார்கள். ஏன் சுவிட்சர்லாந்து? ஒரு காரணம் மொழி. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என்று ஒரே செய்தியைப் பக்கம் பக்கமாக வைக்க வேண்டிய நாடு. எந்த மொழியும் தாழ்ந்து தெரியக் கூடாது, ஒன்று நீளும், ஒன்று குறுகும். கண்ணுக்குத் தெரியாத கட்டங்களாகப் பக்கத்தைப் பிரித்து எல்லாவற்றையும் அதில் உட்கார வைப்பதுதான் க்ரிட். 1958 முதல் 1965 வரை சூரிக்கில் இருந்து வந்த "நொயே க்ராஃபிக்" இதழ், ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றையும் அப்படித்தான் அடுக்கியது.

ஜோசப் முல்லர்-ப்ரோக்மன் 1955இல் சூரிக் டோன்ஹாலே இசையரங்குக்குச் செய்த பேத்தோவன் போஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இசைக்கலைஞர் முகம் இல்லை, வயலின் இல்லை. ஒரு மையத்தைச் சுற்றிக் கறுப்பு வளைவுகள், உள்ளே மெலிந்து வெளியே போகப் போகப் பருக்கும். அகலம் ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாகும், வளைவுகள் திரும்பும் கோணமும் கணக்குப்படி. இசையில் சுரமும் தாளமும் மடங்காகப் பெருகுவதை, காது வழியாகக் கேட்பதைக் கண் வழியாகக் கேட்க வைக்கும் முயற்சி. எழுத்தைச் சின்னதாக, மையத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். தாளம் போட்டுப் பழகிய நமக்கு அது விளங்க விளக்கம் தேவையில்லை.

ஹோஃப்மனின் ஜிசெல், 1959, பாசல் பூங்காவில் நடந்த பாலே நிகழ்ச்சிக்கானது, இதற்கு நேர் எதிர்ப்பக்கம். கறுப்பு வெள்ளைதான். சுழலும் நடனமணியின் கலங்கிய புகைப்படம், பக்கத்தில் "ஜிசெல்" என்ற பெயர் கீழிருந்து மேலாகச் செங்குத்தாக, அசையாமல். ஒன்று கரைகிறது, ஒன்று நிற்கிறது. விளம்பரங்கள் நிறத்தை வாரி இறைத்து மலிவாக்கிவிட்டன என்பது ஹோஃப்மனின் எண்ணம், அதனால் கறுப்பு வெள்ளையில் நின்றார். அவர் 1965இல் அகமதாபாத்துக்கு வந்து, 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்புக் கல்லூரியான என்ஐடியில் பாடம் நடத்தினார். நம் நாட்டின் அரசு நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் வந்த சுத்தமான வடிவச் சின்னங்களில் பாசலின் சாயல் இருப்பதற்கு இப்படி ஒரு நேரடித் தொடர்பு உண்டு.

எழுத்துருவையும் சொல்லிவிடுகிறேன். 1957இல் பாசலுக்கு அருகில் ஹாஸ் எழுத்து வார்ப்பகத்தில் மாக்ஸ் மீடிங்கர், எடுவர்ட் ஹோஃப்மனின் வழிகாட்டலில், நொயே ஹாஸ் க்ரோடெஸ்க் என்ற எழுத்தை வரைந்தார். 1960இல் அதற்கு ஹெல்வெட்டிகா என்று பெயர் மாறியது, சுவிட்சர்லாந்தின் லத்தீன் பெயரில் இருந்து. அதே 1957இல் அட்ரியன் ஃப்ருட்டிகரின் யூனிவர்ஸ் பாரிஸில் வெளியானது. 21 வகைகள், பெயருக்குப் பதில் எண்கள், நடுவில் 55. என் தனிப்பட்ட ஓட்டு யூனிவர்ஸுக்கு.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி, தமிழில் இதனால் என்ன பயன் என்பது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சுவிஸ் பாணியைத் தோற்றமாக எடுத்துக்கொண்டால் தமிழ் அதில் உட்காராது.

முதலாவது, தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. ஆங்கிலத்தில் தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டாலே அது தலைப்பு ஆகிவிடும். தமிழில் அந்த உதவி கிடையாது. அளவு, தடிமன், வெற்றிடம், நிறம், இந்த நான்கை வைத்துத்தான் எல்லாவற்றையும் சாதிக்க வேண்டும். இரண்டாவது, உயரம். "கூழும் கீரையும்" என்று எழுதிப் பாருங்கள். கூ, ழு இரண்டும் வரிக்குக் கீழே இறங்கும், கீ மேலே சுழிக்கும். ஆங்கிலத்துக்கு 9 புள்ளி (அச்சு அளவான பாயின்ட்) எழுத்தும் 12 புள்ளி வரியுயரமும் வைத்த கட்டத்தில் தமிழை அப்படியே ஊற்றினால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். நான் தமிழுக்கு வரியுயரத்தை 15 புள்ளிக்குக் குறைப்பதில்லை. மூன்றாவது, சொல் நீளம். "நடத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது" ஒரே சொல், 17 எழுத்து. குறுகிய பத்தியில் இடப்பக்கம் மட்டும் சீராக வைத்தால் வலப்பக்கம் பல் விழுந்த வாய்போல ஆகும். இருபக்கமும் சீராக்கினால் நடுவில் வெற்றிடம் ஆறாக ஓடும். நம் தினசரிகள் ஹைபன் போடாமலே சொல்லை எங்கு வேண்டுமானாலும் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகப் பழகியது இந்த நெருக்கடியில்தான். அதைப் பிழை என்று சொல்லாதீர்கள், அது நம் க்ரிட்டுக்கு நம் அச்சுக்கோப்பாளர்கள் கண்ட வழி.

ஒருமுறை இருமொழி அழைப்பிதழ் ஒன்று செய்தேன். ஆங்கிலத்தை வைத்து முதலில் க்ரிட் போட்டுவிட்டுத் தமிழை அதில் திணித்தேன். மூன்று முறை திருத்தியும் தமிழ் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. நான்காம் முறை தமிழுக்கு வரியுயரம் முடிவு செய்து, அதில் இருந்து கட்டம் பிரித்து, ஆங்கிலத்தை அதற்குள் வைத்தேன். இரண்டும் நன்றாக உட்கார்ந்தன. நீளும் மொழிக்கு இடம் கொடு, குறுகுகிற மொழி தானாக அடங்கும். மூன்று மொழி வைத்த சூரிக்காரர்கள் செய்ததும் இதையேதான், அவர்கள் எழுத்துருவை விட இந்தப் பழக்கம் நமக்கு உதவும். ஓவியர் ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகளைத் தேடிப் பாருங்கள். ஹெல்வெட்டிகாவின் சாயலே இல்லை, ஆனால் வெற்றிடத்தைக் கையாளும் விதத்தில் எந்த சுவிஸ்காரருக்கும் குறைந்தவரில்லை.

சுவிஸுக்கு எதிராக எழுந்தவற்றைக் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன். நியூயார்க்கில் 1954இல் மில்டன் கிளேஸர், சீமோர் க்வாஸ்ட் முதலானவர்கள் தொடங்கிய புஷ் பின் ஸ்டுடியோ, பழைய மரச்செதுக்கு, ஆர்ட் நூவோ, சித்திரக்கதை எல்லாவற்றையும் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்தது. போலந்தில் போருக்குப் பிறகு சினிமா அரசு கையில் இருந்தது, டிக்கெட் விற்க நட்சத்திர முகம் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. அதனால் ஹென்றிக் தோமாஷெவ்ஸ்கி போன்றவர்கள் படத்தின் உணர்வை மட்டும் கையெழுத்தும் தூரிகையுமாக வரைந்தார்கள். வணிக நெருக்கடி இல்லாததும் ஒரு பாணியைப் பிறப்பிக்கும் என்பதற்கு அது சாட்சி. 1968இல் வார்சாவின் வில்லானோவில் போஸ்டருக்கென்றே அருங்காட்சியகம் திறந்தார்கள்.

1960களில் சான் பிரான்சிஸ்கோவில் ராக் இசை நிகழ்ச்சிகளுக்கு வந்த சைக்கெடலிக் போஸ்டர்களைப் பலர் போதையின் கிறுக்கல் என்று ஒதுக்குவார்கள். அவற்றை வரைந்தவர்களில் ஒருவரான விக்டர் மொஸ்கோஸோ யாரிடம் படித்தார் தெரியுமா? யேல் பல்கலைக்கழகத்தில் யோசப் ஆல்பர்ஸிடம், பௌஹவுஸில் பாடம் நடத்திய அதே ஆல்பர்ஸ். எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம் வைத்தால் கண் கூசும் என்று ஆசிரியர் சொல்லித் தந்ததை மொஸ்கோஸோ வேண்டுமென்றே செய்தார். சிவப்பும் நீலமும் ஒரே அடர்த்தியில் மோதி, விளிம்பு அதிரும். படிக்க நின்றாக வேண்டும். பெர்ன்ஹார்ட் ஒரு நொடியில் படிக்க வைத்தார். மொஸ்கோஸோவுக்கு வேண்டியது நின்று பார்க்கிற ஆள். இசை கேட்க வருகிறவர் அவர்தான். வெஸ் வில்சனின் உருகி வழியும் எழுத்துகளோ 1900களின் தொடக்கத்தில் வியன்னாவில் ஆல்ஃபிரட் ரோலர் வரைந்த எழுத்தில் இருந்து வந்தவை.

உங்கள் பட்டியலின் கடைசியான போஸ்ட்மாடர்னுக்கு வந்தால், பாசலுக்குள்ளேயே 1968 முதல் வோல்ஃப்காங் வைன்கார்ட் அந்த சுவிஸ் க்ரிட்டை உடைக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் கையால் எழுத்துக் கோத்துப் பழகியவர், விதியை அறிந்து உடைத்தவர். அவரிடம் படித்த ஏப்ரல் க்ரைமன் அமெரிக்கா திரும்பினார். 1984இல் மெக்கின்டாஷ் கணினி வந்தபோது, பலர் அது விளையாட்டுச் சாமான் என்றார்கள், க்ரைமன் உட்கார்ந்து வேலை செய்தார். அதே வருடம் கலிஃபோர்னியாவில் எமிக்ரே என்ற வடிவமைப்பு இதழ் தொடங்கியது. அதைச் சேர்ந்த ஸுஸானா லிச்கோ திரையின் முரட்டுப் புள்ளிகளை மறைக்க முயலாமல், அந்தப் புள்ளிகளாலேயே எழுத்துரு வரைந்தார். தமிழ் எழுத்தும் அந்தத் திரைக்குள் அதே காலத்தில் நுழைந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் முரசு மென்பொருளைத் தொடங்கினார். இன்று மேக்கில் இருக்கும் இணைமதி எழுத்துரு அவர் வரைந்தது. நம் வளைவுகளைச் சதுரப் புள்ளிகளில் கொண்டுவருவது லிச்கோவுக்கு இருந்ததைவிடக் கடினமான வேலை.

2013இல் ஆப்பிள் தன் கைப்பேசித் திரையில் தோல் தையல், மரப்பலகை போன்ற போலித் தோற்றங்களைக் கழற்றியெறிந்து தட்டையான நிறத்துக்கு வந்ததும், எல்லாரும் புதுமை என்றார்கள். தெருவில் டிராம் ஓடும்போது ஒரு நொடிதான் கிடைக்கும் என்ற பெர்லின் அச்சகக்காரரின் கணக்கு, கட்டைவிரல் தள்ளும் திரையில் திரும்ப வந்திருக்கிறது.

ஒரு பயிற்சி சொல்கிறேன், செய்து பாருங்கள். உங்கள் ஊர்க் கோயிலின் கும்பாபிஷேகப் பத்திரிகை ஒன்றை எடுங்கள். நாள், நட்சத்திரம், லக்னம், யாகசாலை நேரங்கள், உபயதாரர் பெயர் அறுபது, எழுபது. முதலில் குறை சொல்லாமல், அளவுகோல் வைத்து அளந்து, எந்தப் பெயர் ஏன் பெரிதாக இருக்கிறது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாரையும் விடக் கூடாது, யாரும் யாருக்கும் கீழே தெரியக் கூடாது என்ற நெருக்கடி அங்கே இருக்கும், மூன்று மொழி வைத்த சுவிஸ்காரர்களின் அதே நெருக்கடி. பிறகு தமிழுக்கு வரியுயரம் முடிவு செய்து, கட்டம் பிரித்து, ஒரே எழுத்துரு, இரண்டே அளவு, ஒரு மை என்று வைத்துக்கொண்டு அதைத் திரும்ப அமையுங்கள். ஒரு பெயரைக்கூட நீக்காதீர்கள். முடிந்ததும் அச்செடுத்து அதே பெரியவரிடம் கொடுத்து, யாகசாலை பூஜை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அவர் கண்ணாடியைத் தேடாமல் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. தேடினால், மறுபடியும் வரியுயரத்தில் இருந்து தொடங்குங்கள்.